ஏ.சி. ஒழுகினால் சுவர் பூக்கும்!

பூசணம் என்றால் என்ன என்று எங்கள் ராமநாதபுரம் சீமைப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயைக் களத்தில் பரப்பிவிட்டு, ஒரு தூறல் விழுந்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிப் போய் அள்ளுகிறவர்கள் நாங்கள். ஈரத்தோடு குவித்து வைத்தால் காம்படியில் வெள்ளையாகப் பூத்துவிடும் என்று தெரியும். கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில் ஏன் வைக்கிறோம், வடகத்தை ஏன் இரண்டு மூன்று வெயிலுக்குப் போடுகிறோம் என்பதெல்லாம் கைப்பழக்கம். பாம்பன் பக்கம் கருவாடு காயப்போடும் அக்கா ஒருவர் எப்போதும் சொல்வார்: "தொட்டா உலர்ந்த மாதிரிதான் இருக்கும். உள்ளே ஈரம் நின்னா ரெண்டு நாள்ல காட்டிக் குடுத்துரும்."

அடுக்களையில் இத்தனை கெட்டிக்காரத்தனம் காட்டுகிற நாம், படுக்கையறைச் சுவரில் ஏ.சி.க்குக் கீழே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மட்டும் என்ன செய்கிறோம்? ஒரு காலண்டரை மாட்டி மறைத்துவிடுகிறோம். அல்லது பொங்கலுக்குப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு காலத்தில் ராமேசுவரத்தில் ஏ.சி. என்றால் யாத்திரைக்காரர்கள் தங்கும் பெரிய லாட்ஜுகளில்தான் பார்க்கலாம். இப்போது மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை என்று எங்கே பார்த்தாலும் சாதாரண வீடுகளிலும் ஒரு அறைக்காவது வந்துவிட்டது. கைக்குழந்தை இருக்கிற வீடென்றால் கேட்கவே வேண்டாம். குழந்தை வியர்க்குருவில் அழாமல் தூங்கட்டும் என்றுதான் பல வீடுகளில் ஏ.சி. வாங்குகிறார்கள். அந்த ஏ.சி.யின் ஒழுகலே குழந்தையின் மூச்சுக்கு வினையாகக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

"ஏ.சி.க்குள்ளே யாரு தண்ணி ஊத்துனா?" என்று எங்கள் தெருப் பாட்டி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. யாரும் ஊற்றவில்லை. அத்தனையும் அறைக் காற்றில் இருந்த தண்ணீர்தான்.

உண்மையில் ஏ.சி. பிறந்ததே ஈரத்தை எடுப்பதற்குத்தான். 1902-ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம் இருந்தது. கோடைக் காற்றின் ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியதால் வர்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பதியவில்லை. அதைச் சரி செய்ய வில்லிஸ் காரியர் என்ற இளம் இன்ஜினீயர் அமைத்த யந்திரம்தான் இன்றைய ஏ.சி.க்கு முன்னோடி. மனிதர்களுக்குக் குளிர்ச்சி தருவது பிற்பாடு வந்த உபயோகம்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்கிறதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் ஏ.சி.க்குள்ளும் நடக்கிறது. உள்ளே இருக்கும் குளிர்ந்த காயில் மேல் அறைக் காற்று படும்போது காற்றிலுள்ள ஈரம் துளித்துளியாக வடிகிறது. அது கீழே ஒரு தட்டில் விழுந்து, டிரெயின் பைப் வழியாக வெளியே போக வேண்டும். எங்கள் கடற்கரையில் காற்றின் ஈரப்பதம் 70, 80 சதவீதம் என்பது சர்வ சாதாரணம். ஆகையால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வடிவதுகூட இங்கே அதிசயமில்லை. வெளியே வரும் பைப்புக்கு அடியில் ஒரு இரவு பக்கெட் வைத்துப் பாருங்கள், காலையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். அத்தனை தண்ணீரும் போக வழியில்லாமல் சுவருக்குள் இறங்கினால் என்ன ஆகும்?

ஒழுகுவதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்:

1. டிரெயின் பைப் அடைத்துக்கொள்வது. தூசியும் ஈரமும் சேர்ந்து பாசி மாதிரி வழவழப்பாகப் படியும். சில சமயம் பைப்பின் வெளி வாயில் பூச்சி கூடு கட்டியிருக்கும்.

2. ஃபில்டரில் தூசி அடைவது. காற்று ஓட்டம் குறைந்து காயிலில் ஐஸ் கட்டும். ஏ.சி.யை அணைத்ததும் ஐஸ் உருகிக் கொட்டும். கேஸ் குறைந்தாலும் இதே கதைதான்.

3. பைப்பின் வாட்டம் சரியில்லாதது. பைப் வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்க வேண்டும். நடுவில் தொங்கினாலோ, மேலே ஏறி இறங்கினாலோ தண்ணீர் தேங்கும். பைப்பின் நுனி பக்கெட் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலும் வடிவது தடைப்படும்.

4. செப்புக் குழாயின் மேல் சுற்றியிருக்கும் ஃபோம் உறை கிழிவது. குளிர்ந்த குழாய் வெறுமனே இருந்தால் அது வியர்த்து, சுவரோடு சுவராகக் கசியும். இதுதான் கண்ணுக்குத் தெரியாத கள்ளன்.

5. சுவரில் பைப்புக்காகத் துளைத்த ஓட்டையைச் சரியாக அடைக்காதது. வாடைக் காற்று மழையைச் சாய்த்து அடிக்கும்போது தண்ணீர் அதன் வழியாக உள்ளே வரும்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க சுலபமான வழி உண்டு. ஏ.சி. ஓடும் நாளில் மட்டும் ஈரம் தெரிந்தால் குற்றம் ஏ.சி.யுடையது. ஏ.சி. போடாத மழை நாளிலும் ஈரம் தெரிந்தால் ஓட்டையையோ மொட்டை மாடியையோ பார்க்க வேண்டும். ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் வெளிப் பைப்பில் சொட்டு விழவில்லை, ஆனால் உள்ளே சுவர் நனைகிறது என்றால், அடைப்பு என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிடலாம்.

உப்பா, பூசணமா?

எங்கள் ஊருக்கே உரிய ஒரு குழப்பம் இது. கடலோர வீடுகளில் சுவர் உப்புப் பூக்கும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, தொட்டால் மாவாக உதிரும். இதைப் பூசணம் என்று எண்ணிப் பயப்படுகிறவர்களும் உண்டு. நிஜப் பூசணத்தை "உப்புதானே" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். உப்பு கரைந்து மறையும். பூசணம் கரையாது. ஈரத் துணியால் தேய்த்தால் கறுப்பாகவோ பச்சையாகவோ ஈஷிக்கொள்ளும். அதோடு பூசணத்துக்கு ஒரு மக்கல் வாடை உண்டு. மழைக்காலத்தில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. அறைக்குள் நுழைந்ததும் அந்த வாடை அடித்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பீரோவின் பின்புறத்தைப் பாருங்கள்.

உப்புப் பூத்தாலும் அலட்சியம் கூடாது. சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு அது அடையாளம். உப்பு ஏறிய சுவர் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

குழந்தையின் மூச்சு

பூசணத்தின் விதைத் தூள் எல்லா இடத்திலும் காற்றில் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. ஈரம் கிடைத்தால் முளைக்கும், கிடைக்காவிட்டால் சும்மா கிடக்கும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது. அதற்கு மேல் ஈரம் நின்றால் பிடித்துக்கொள்ளும்.

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வீட்டு ஓதத்தையும் பூசணத்தையும் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி நூலே வெளியிட்டது. ஓதம் அடிக்கும் வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா போன்ற தொந்தரவுகள் அதிகம் என்று அது சொல்கிறது. கைக்குழந்தைகள், ஆஸ்துமாக்காரர்கள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் விசேஷமாக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு இளம் தாய். ஏழு மாதக் குழந்தைக்கு இரவானால் மூக்கடைப்பு, வறட்டு இருமல், லேசான இழுப்பு. கைவைத்தியம் எல்லாம் ஆயிற்று. முதுகுளத்தூரில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போனால் நான்கு நாளில் குழந்தை தெளிந்துவிடும். திரும்பி வந்த மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பம். "காத்து மாறுது, அதான்" என்று வீட்டில் சமாதானம் சொன்னார்கள். டாக்டர்தான் கேட்டார்: "குழந்தை படுக்கிற ரூம்ல சுவர் ஓதம் அடிக்குதாம்மா?"

அடித்துக்கொண்டுதான் இருந்தது. தொட்டிலுக்கு நேர் மேலே ஏ.சி. அதன் இடது பக்கம் ஒரு முழ அகலத்துக்குக் கறை. அதன் மேல் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை பெயின்ட் அடித்திருந்தார்கள். இரண்டு தடவையும் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்திருந்தது. மெக்கானிக் வந்து பார்த்தார். சுவருக்குள் போன டிரெயின் பைப் வெளிப்பக்கம் சாய்வதற்குப் பதிலாக உள்பக்கம் சாய்ந்திருந்தது. தண்ணீர் பூராவும் சுவருக்கே போயிருக்கிறது.

"இதைச் சரி பண்ணாம எத்தனை பெயின்ட் அடிச்சாலும் வீண்தான்க்கா" என்றார் அந்தத் தம்பி. பைப்பை மாற்றிய செலவு, ஒரு தடவை பெயின்ட் அடித்த செலவில் கால் பங்குகூட ஆகவில்லை. சுவர் காயும் வரை தொட்டிலை வேறு அறைக்கு மாற்றினார்கள். டாக்டர் கொடுத்த மருந்தையும் விடாமல் கொடுத்தார்கள். குழந்தை இப்போது இரவு பூராவும் தூங்குகிறது.

குழந்தைக்கு வருகிற எல்லா இருமலுக்கும் சுவரே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இழுப்பு, மூச்சுத் திணறல், பால் குடிக்க முடியாமல் திணறுவது, விலா உள்வாங்குவது என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். ஆனால் வீட்டை விட்டு வெளியூர் போனால் குறைந்து, திரும்பி வந்தால் கூடுகிற தொந்தரவு என்றால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு பயத்தையும் தெளிவாக்கிவிடலாம். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது கரும்பூஞ்சை நோய் என்று ஒன்று எல்லோரையும் கலக்கியது. அது மியூகார்மைகோசிஸ் என்ற வேறு வியாதி. கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்கள் ஆகியோரைத்தான் அது பெரும்பாலும் தாக்கியது. சுவரில் தெரியும் கறுப்புப் புள்ளியைப் பார்த்து அந்த நோய் வந்துவிடுமோ என்று நடுங்க வேண்டாம். அதற்காக அந்தப் புள்ளியை அங்கேயே விட்டு வைக்கவும் வேண்டாம்.

இங்கிலாந்தில் ஒரு சட்டம்

பெயின்ட் அடித்து மறைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு துயரமான உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், வாடகைக் குடியிருப்பு ஒன்றில் வசித்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்துபோனது. வீட்டில் பூசணம் பிடித்திருக்கிறது என்று பெற்றோர் முன்பே புகார் செய்திருந்தார்கள். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்களாம். நெடுநாள் பூசணத்தைச் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கே 'அவாப் சட்டம்' வந்தது. 2025 அக்டோபர் 27 முதல், சமூக வாடகைக் குடியிருப்புகளை நடத்துகிறவர்கள் ஆபத்தான ஓதம், பூசணம் பற்றிய புகாரைப் பத்து வேலை நாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும். அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும்.

அந்த அளவுக்குப் போவது மிக அபூர்வம். ஆனாலும் பூசணத்தின் மேல் பெயின்ட் அடிப்பது என்பது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது மாதிரிதான்.

சுத்தம் செய்யும் முறை

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். அதைச் செய்யாமல் சுவரைத் தேய்ப்பது வீண் உழைப்பு. மெக்கானிக்கை அழைத்து டிரெயின் பைப், தட்டு, ஃபோம் உறை, காயில் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி. காற்று வரும் இடத்தில் கறுப்புத் துணுக்குகள் தெரிந்தால், உள்ளே சுழலும் புளோயரிலும் பூசணம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதையும் கழற்றிக் கழுவச் சொல்ல வேண்டும். அதுவரை அந்த ஏ.சி.யைப் போட வேண்டாம்.

பிளக் பக்கம் ஈரம் தெரிந்தாலோ, சுவரைத் தொட்டால் சுரீரென்றாலோ, ஈரக் கையோடு எதையும் தொடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் நின்ற பிறகு சுவர் வேலை. கறை மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நாமே செய்துகொள்ளலாம். அதற்கு மேல் பரவியிருந்தாலோ, காரை உதிர்ந்தாலோ ஆள் வைத்துச் செய்வது நல்லது. குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர் யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்தி, மின்விசிறியை அணைத்துவிடுங்கள். மூக்குக்கு நல்ல மாஸ்க், கைக்கு ரப்பர் உறை அவசியம். என்95 மாஸ்க் இருந்தால் மிகவும் நல்லது.

உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூள் அறை பூராவும் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஓரத்திலிருந்து நடுவாகத் துடையுங்கள். பிறகு பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, சுத்தமான ஈரத் துணியால் இரண்டு தரம் துடைத்து எடுங்கள். பயன்படுத்திய துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். உரிந்த பெயின்டைச் சுரண்டுவதாக இருந்தாலும் ஈரமாக்கிச் சுரண்டுங்கள்.

அதன் பிறகுதான் முக்கியமான வேலை, உலர விடுவது. மின்விசிறி போட்டு, வெயில் நேரத்தில் ஜன்னல் திறந்து, பொறுமையாகக் காய விட வேண்டும். மேலே உலர்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். ஒரு முழம் பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரித்துப் பார்த்தால் உள்பக்கம் வியர்த்திருக்கிறதா? அப்படியானால் சுவர் இன்னும் காயவில்லை, பெயின்டைத் தொடாதீர்கள். சில சுவர்களுக்கு வாரக் கணக்கில் ஆகும்.

இவை வேண்டாம்

பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். பிளீச்சோடு வினிகர், அமோனியா கலந்த திரவம் எதுவும் சேர்க்கக் கூடாது. சாதாரண கறைக்கு சோப்புத் தண்ணீரே போதும்.

மக்கல் வாடை போக சாம்பிராணி போடுகிறோம். வாசனை மாறும், ஈரம் மாறாது. மூடிய அறையில் புகை சூழ்ந்தால், இழுப்பு உள்ள குழந்தைக்கு அதுவே கெடுதல்.

அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஓதத்தை எடுக்காது. அதிலுள்ள நாப்தலீன் சில குழந்தைகளுக்கு, பிறவியிலேயே ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதிக் குறைவு உள்ளவர்களுக்கு, ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். நம் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா இல்லையா என்று பார்த்தால் தெரியாது. குழந்தைத் துணி வைக்கும் அலமாரியில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம்.

ஏ.சி. காயிலில் ஆசிட், பிளீச் எதையும் ஊற்றாதீர்கள். அலுமினியத் தகடுகள் அரித்துப்போகும்.

துணிமணி, மெத்தை, பீரோ

துவைக்கக்கூடிய துணிகளை வெந்நீரும் சோப்பும் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காய வைத்தால் போதும். பட்டுப்புடவையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மென்மையான பிரஷ்ஷால் தட்டி, நிழலில் காற்றாட விட வேண்டும். நனைந்து பூசணம் உள்ளே இறங்கிய பஞ்சு மெத்தை, தலையணை, பிளைவுட், ஜிப்சம் சீலிங் போர்டு இவற்றைக் காப்பாற்றுவது கஷ்டம். காசு போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். குழந்தை படுக்கிற மெத்தையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் பின்னால் காற்று ஓடும். கட்டிலின் தலைமாடும் அப்படியே.

சுண்ணாம்பின் அருமை

எங்கள் கரையோரப் பழைய வீடுகள் பவளக் கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியவை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கிற மாதா கோயில் இடிபாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பவளப் பாறையை எடுப்பது இப்போது சட்ட விரோதம், எடுக்கவும் கூடாது. ஆனால் சுண்ணாம்பின் குணத்தை நாம் மறக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சுவர் உள்ளே வாங்கிய ஈரத்தை வெளியே விடும். புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் வளராது. ஈரச் சுவரின் மேல் பளபளப்பான பிளாஸ்டிக் பெயின்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும். காய்ந்த சுவருக்கு வெள்ளையடிப்பதா, பெயின்டா என்று யோசிக்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

கச்சான் முடிந்து வாடை வருமுன்...

வருஷத்துக்கு இரண்டு தடவை ஏ.சி.யை சர்வீஸ் செய்யுங்கள். வெயில் தொடங்குமுன் மாசி மாதத்தில் ஒன்று. கச்சான் காற்று ஓய்ந்து வாடை தொடங்குமுன் புரட்டாசியில் ஒன்று. இந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். அப்படி ஒரு மழைக்கு முன்னால் சுவர் ஓட்டையைச் சிமென்டால் அடைத்திருந்தால் எவ்வளவு நிம்மதி!

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாமே கழற்றி, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டலாம். அதற்கு முன் ஸ்விட்சை அணைப்பது அவசியம். கடல் காற்றின் உப்பு வெளி யூனிட்டை அரிக்கும் என்பதால் சர்வீசுக்கு வருகிறவரிடம் அதையும் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள்.

அறையை 18 டிகிரிக்கு உறைய வைக்க வேண்டாம். சுவர் மிகவும் குளிர்ந்தால், கதவைத் திறந்ததும் வெளியிலிருந்து வரும் புழுக்கக் காற்று அதன் மேல் பட்டுச் சுவரே வியர்க்கும். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நட்சத்திரக் குறியோடு விற்கும் ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி மத்திய அரசு விதி செய்திருக்கிறது. கரண்டுக்கும் சிக்கனம், சுவருக்கும் நல்லது. மழை நாளில் ரிமோட்டில் 'டிரை' என்ற பட்டனை உபயோகியுங்கள், ஈரத்தை எடுக்கும். காலையில் அணைக்குமுன் பத்துப் பதினைந்து நிமிஷம் 'ஃபேன்' மட்டும் ஓட விட்டால் காயில் உலர்ந்துவிடும். அறை ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூசணத்துக்கு இடமில்லை. அதை அளக்கும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு

"எங்க வீடு வாடகை வீடுக்கா, ஓனர் கேக்க மாட்டேங்குறார்" என்பது பல இளம் தாய்மார்களின் குறை. சுவர்க் கறையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். எந்த நேரத்தில் ஒழுகுகிறது என்று குறித்துக்கொண்டு, வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சண்டை போட வேண்டாம். "சுவர்க் கம்பி துருப்பிடிச்சா உங்க கட்டடத்துக்குத்தானே கேடு" என்று எடுத்துச் சொன்னால் காது கொடுப்பார்கள். அதுவரை குழந்தையை வேறு அறையில் படுக்க வையுங்கள். வெளியூரில் லாட்ஜில் தங்கும்போதும், ஏ.சி. போட்டதும் மக்கல் வாடை வந்தால் கூச்சப்படாமல் வேறு அறை கேளுங்கள்.

இந்த வாரமே, சமையல் முடிந்த ஓய்வு நேரத்தில் கால் மணி ஒதுக்குங்கள். வெளியே போய் டிரெயின் பைப்பில் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். உள்ளே வந்து ஏ.சி.க்குக் கீழே சுவரைத் தடவிப் பாருங்கள். பீரோவை ஒரு சாண் நகர்த்திப் பின்னால் ஒரு பார்வை பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் பெயின்ட் கடைக்குப் போகாமல் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.